‘ஆட்’ என்ற ஒரு சொல் விடுபட்டால்

கிளிநொச்சியில் ஒரு அலுவலகம். வளவுக்குள் மூன்று கட்டடம், கட்டடத்துக்கு ஒரு சுவிட்ச், அதாவது கணினிகளை வலையமைப்பில் இணைக்கும் பெட்டி. நடுவில் ஃபைபர் இழுத்து ட்ரங்க், அதாவது பல வீலான்களை ஒன்றாகக் கொண்டுபோகும் இணைப்பு, போட்டுக் கொடுத்தது நான்தான். வீலான் என்றால் அதே சுவிட்சுகளுக்குள் பிரித்து வைக்கும் தனித்தனி வலையமைப்பு. ஊழியர்களின் கணினிகளுக்கு வீலான் 10, தொலைபேசிகளுக்கு 20, சுவிட்சுகளை நிர்வகிக்க 99. நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள், பின் கட்டடத்தில் கமரா பூட்டப் போகிறோம், அதற்குத் தனியாக ஒரு வீலான் வேண்டும் என்று கேட்டார்கள். ஐந்து நிமிட வேலைதானே என்று, வவுனியாவில் வீட்டிலிருந்தபடியே அந்தக் கட்டடத்துச் சுவிட்சுக்குள் நுழைந்து, நோட்பேடில் எழுதி வைத்திருந்த நான்கு வரியையும் ஒரேயடியாகப் பேஸ்ட் பண்ணினேன். இரண்டாவது வரி ‘ஸ்விட்ச்போர்ட் ட்ரங்க் அலவ்ட் வீலான் 40’, ட்ரங்க்கில் எந்த வீலான்கள் போகலாம் என்ற பட்டியலை மாற்றும் கட்டளை. கடைசி வரி, செய்ததைச் சேமிக்கும் கட்டளை. என்டரைத் தட்டியதும் திரை அப்படியே நின்றுவிட்டது.

இரண்டு நிமிடம் போகவில்லை, ஃபோன் வந்தது. “அண்ணை, பின்பக்கத்தில ஒண்டுமே வேலை செய்யேல்லை. ரெலிபோனும் செத்துப்போச்சு.”

‘வீலான்’ என்ற சொல்லுக்கும் 40க்கும் நடுவில் ‘ஆட்’ (add, சேர்) என்று ஒரு சொல் இருந்திருக்க வேண்டும். அது இருந்தால் 40 பட்டியலில் சேரும். இல்லாவிட்டால் பழைய பட்டியல் போய், 40 மட்டும்தான் பட்டியல். சிஸ்கோ சுவிட்சில் இதற்கு ஒரு எச்சரிக்கையும் வராது, ஏனென்றால் கட்டளையில் பிழை எதுவும் இல்லை.

ட்ரங்க்கில் நடப்பது இதுதான். பல வீலான்கள் ஒரே கம்பியில் போவதால், எது எதனுடையது என்று தெரிய, சுவிட்ச் ஒவ்வொரு ஃபிரேமிலும் (தரவுப் பொட்டலத்திலும்) 4 பைட் அடையாளம் ஒன்றைச் செருகி அனுப்புகிறது. 1998இல் வெளிவந்த 802.1கியூ தரம் சொல்வது அதைத்தான். அதில் வீலான் இலக்கத்துக்கு 12 பிட், ஆகவே 4096 இலக்கங்கள். முதலும் கடைசியும் ஒதுக்கப்பட்டவை, நமக்கு 1 தொடக்கம் 4094 வரை. எவை தாண்டலாம் என்று முடிவெடுப்பது அலவ்ட் பட்டியல். நம்மாட்களுக்கு இதை விளக்க அதிகம் தேவையில்லை. போர்க்காலத்தில் ஏ9 வீதியில் இருந்த ஓமந்தைச் சோதனைச் சாவடியைத் தாண்டியவர்களுக்குத் தெரியும், அனுமதி இல்லாத சாமான் அந்தப் பக்கம் போகாது. என்னுடைய 99உம் அன்று அப்படித்தான் நின்றது.

சரி, சுவிட்சை நிறுத்திப் போடச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சேமிக்காமல் இருந்திருந்தால் அது போதும், பழைய அமைப்போடு எழும்பியிருக்கும். ஆனால் நான்காவது வரியும் உள்ளே போய்விட்டதே. சுவிட்சில் நேரடியாகச் செருகும் கொன்சோல் கேபிளை எடுத்துக்கொண்டு ஏ9இல் 70 கிலோமீற்றருக்கு மேல் ஓடினேன். முறிகண்டியில் எல்லாரும் இறங்கிப் பிள்ளையாரைக் கும்பிட்டுக் கச்சான் வாங்குவார்கள், அன்று எனக்கு இறங்கவும் மனமில்லை. அவ்வளவு தூரம் போய்ச் செய்த வேலை ஒரே ஒரு வரி.

அதற்குப் பிறகு தொலைவிலிருந்து ட்ரங்க்கைத் தொடுவதென்றால், முதலில் ஏற்கெனவே உள்ளதைச் சேமித்துவிட்டு ‘ரீலோட் இன் 10’ என்று கொடுத்துவிடுவேன். பத்து நிமிடத்தில் சுவிட்ச் தானாக மீண்டும் இயங்கும். நான் வெளியே தள்ளப்பட்டாலும் பழைய அமைப்பு திரும்பி வந்துவிடும். எல்லாம் சரி என்றால் ‘ரீலோட் கான்சல்’, அதற்குப் பிறகுதான் சேமிப்பு. சேமிக்கும் வரியை மற்ற வரிகளோடு சேர்த்துப் பேஸ்ட் பண்ணவே பண்ணாதீர்கள், தம்பிமாரே.

ட்ரங்க்கின் நிலையைக் காட்டும் ‘ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்’ கட்டளையை அடித்துப் பார்ப்பவர்களும் பெரும்பாலும் மேல் வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். கீழே ஒன்றன் கீழ் ஒன்றாக மூன்று பட்டியல் வரும். முதலாவது, நீங்கள் அனுமதித்தவை. இரண்டாவது, அவற்றில் அந்தச் சுவிட்சில் உண்மையாகவே உள்ளவை. மூன்றாவது, சுற்றுப்பாதை உருவாகாமல் பார்த்துக்கொள்ளும் ஸ்பானிங் ட்ரீ தடுக்காமல் ஓடவிட்டவை. அன்று ‘ஆட்’ போட்டுத் திருத்திய பிறகும் கமரா வரவில்லை. பார்த்தால் 40 முதற் பட்டியலில் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. நடுக் கட்டடத்துச் சுவிட்சில் வீலான் 40ஐ உருவாக்கவே மறந்திருந்தேன். அனுமதி இருந்தும் ஆள் இல்லை. உருவாக்கியதும் மூன்றிலும் வந்தது.

நேட்டிவ் வீலானையும் இரு முனையிலும் ஒன்றாக வையுங்கள். அது மட்டும் அடையாளம் இல்லாமல் போவது. ஒரு பக்கம் 1, மறுபக்கம் வேறொன்று என்றால் ஒரு வீலானின் ஃபிரேம் இன்னொன்றுக்குள் போய் விழும். அதோடு, இரண்டு பக்கமும், மறுபக்கம் கேட்டால் மட்டும் ட்ரங்க் ஆகும் டைனமிக் ஆட்டோவில் விட்டால் ட்ரங்க் உருவாகவே உருவாகாது, ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு இருக்கும். கையால் ட்ரங்க் என்று போட்டு, பேரம் பேசாதே என்னும் நொநெகோஷியேட்டும் கொடுத்துவிடுங்கள். கணினி செருகும் போர்ட்டுகளைக் கையால் அக்சஸ் (ஒரே வீலான்) என்று போட்டால், யாரோ தன் மடிக்கணினியைச் செருகி ட்ரங்க் கேட்டாலும் கிடைக்காது.

கட்டடங்களுக்கிடையில் செப்புக் கேபிள் வேண்டாம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஐப்பசி இடிக்கு ஒரே வீச்சில் இரண்டு பக்கத்துச் சுவிட்சும் போகும்.

அந்த அலுவலகத்தில் மூன்று பெட்டிக் கதவின் உட்பக்கத்திலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். எந்தப் போர்ட் எந்தக் கட்டடத்துக்கு, அதில் போக வேண்டியவை 10, 20, 40, 99, நேட்டிவ் எது, கடைசியாகத் தொட்டது யார், எந்தத் திகதியில். கீழே சிவப்புப் பேனையால் ‘ஆட்’.