மை வைத்த விரலை யார் பார்க்கிறார்கள்?

2024 மக்களவைத் தேர்தலில் சேலம் தொகுதியில் பதிவானது 78 சதவீதம். மத்திய சென்னையில் 54தான். இரண்டு இடத்திலும் ஒரே நாள், ஏப்ரல் 19. வெயிலைக் காரணம் சொல்லவும் வழியில்லை, அது சேலத்தில்தான் கூடுதல்.

கணக்குப் பார்த்தால் ஓட்டுப் போடுவது நஷ்டம். லட்சக்கணக்கான ஓட்டில் நம்முடைய ஒன்று முடிவை மாற்றும் வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்யம். வரிசையில் கால் கடுக்க நிற்பதோ நிஜம். 1957இல் பொருளியலாளர் ஆண்டனி டவுன்ஸ் இந்தப் புதிரைக் கிளப்பினார். 1968இல் அரசியல் ஆய்வாளர்கள் ரைக்கரும் ஆர்டெஷூக்கும் கடமையுணர்வையும் இந்த லாப நஷ்டக் கணக்கில் சேர்த்துச் சமாளித்தார்கள். சரி, அந்தக் கடமையுணர்வை எது தூண்டிவிடுகிறது?

அமெரிக்காவின் மிச்சிகனில் 2006இல் கெர்பர், கிரீன், லாரிமர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். சில வீடுகளுக்கு 'வாக்களிப்பது கடமை' என்று மட்டும் கடிதம் போனது. வேறு சில வீடுகளுக்கு, அக்கம்பக்கத்தில் யார் ஓட்டுப் போட்டார்கள், யார் போடவில்லை என்ற பட்டியலே போனது. தேர்தல் முடிந்ததும் புதுப் பட்டியல் வரும் என்ற குறிப்போடு. கடிதமே போகாத வீடுகளில் 29.7 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். கடமைக் கடிதம் அதை 31.5 ஆக்கியது. பட்டியல் 37.8 ஆக்கியது.

ஏற்காட்டு மலைக் கிராமங்களுக்கு அப்படி ஒரு கடிதம் தேவையே இல்லை. பூத் ஏஜென்ட் வாக்காளர் பட்டியலில் டிக் அடித்துக்கொண்டே இருப்பார். மதியத்துக்குள் யார் வரவில்லை என்று வெளியே இருக்கும் கட்சிக்காரர்களுக்குத் தெரிந்துவிடும். "ஏக்கா, இன்னும் ஓட்டுப் போட வரலையா?" என்று வீட்டு வாசலில் ஆள் நிற்கும். சேலம் நகரத்து ஃபேர்லேண்ட்ஸ் அடுக்குமாடியில் பக்கத்து வீட்டுக்காரர் விரலில் மை இருக்கிறதா என்று யார் பார்க்கிறார்கள்? பணம்தான் காரணம் என்று டீக்கடையில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். பணத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லமாட்டேன், ஆனால் அது மட்டுமே காரணம் என்பதை நம்ப முடியவில்லை.

போட்டியின் சூடும் சேர்ந்தால் எண்ணிக்கை எகிறும். 2013 டிசம்பரில் ஏற்காடு இடைத்தேர்தலில் கிட்டத்தட்ட 90 சதவீதம் பதிவானது. மாநிலத்தின் மொத்தக் கவனமும் அந்த ஒரு தொகுதி மேல்தான் இருந்தது. (தொகுதி முழுக்க மலை அல்ல, வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் பக்கத்துச் சமவெளியும் அதில் சேரும்.)

ஓட்டுப் போட வாக்காளருக்கு ஆகும் செலவைக் குறைப்பதும் உதவும். தினக்கூலிக்காரருக்கும் வாக்குப்பதிவு அன்று சம்பளத்தோடு விடுப்பு தரச் சட்டம் இருக்கிறது.

இன்னொரு சிக்கல் வகுக்கும் எண்ணில் இருக்கிறது. சதவீதம் கணக்கிடுவது பட்டியலில் உள்ள பெயர்களை வைத்து. இறந்தவர், வீடு மாறிப் போனவர், பெங்களூரில் வேலை பார்ப்பவர் எல்லோரும் அதில் இருந்தால், ஊரில் இருக்கும் அத்தனை பேரும் வாக்களித்தாலும் நூறு வராது. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் நகரங்களில் இப்படிப்பட்ட பெயர்கள் அதிகம் சேரும். மத்திய சென்னையின் 54இல் சோம்பல் எவ்வளவு, பழைய பட்டியல் எவ்வளவு என்று அந்த ஓர் எண்ணை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது.