பிராண்ட்: சூடு, குறி, பகட்டு

பிராண்ட், பெயர்ச்சொல். ஒரு நிறுவனம் தன் சரக்கை அடுத்தவர் சரக்கிலிருந்து பிரித்துக் காட்ட வைத்துக்கொள்ளும் பெயர், குறி, வடிவம். அந்தப் பெயர் மேல் மக்கள் வைத்திருக்கும் நம்பிக்கையையும் சேர்த்துத்தான் இன்று இப்படிச் சொல்கிறோம். பிராண்டு என்று உகரம் சேர்த்து எழுதினாலும் சரிதான். வல்லின றகரம் போட்டு 'பிறாண்டு' என்று மட்டும் எழுதிவிடக் கூடாது, அது பூனை நகத்தால் கீறுவதற்கான தமிழ் வினைச்சொல்.

விலை கூடின பிராண்ட் வாங்குவது பந்தாவா, தரம் பார்க்கும் குணமா என்ற சண்டை நடக்காத வீடு குறைவு. ஷூ வாங்கி வந்த பையனிடம் அப்பா "பேருக்குத்தானேடா இவ்வளவு காசு" என்பார், பையன் "காசுக்கேத்த பணியாரம்ப்பா" என்பான். இரண்டு பேரும் பிராண்ட் என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு இரண்டு வேறு விஷயங்களைப் பேசுகிறார்கள் என்பதுதான் என் எண்ணம், அந்த இரண்டும் எப்படி ஒரு சொல்லுக்குள் வந்து சேர்ந்தன என்று பார்த்தால் சண்டையில் பாதி தெளிந்துவிடும்.

சொல்லின் வேர் தீ. பழைய ஆங்கிலத்தில் பிராண்ட் என்றால் எரிகிற கொள்ளிக்கட்டை, ஸ்காண்டிநேவியர்களின் பழைய நார்ஸ் மொழியிலும் 'பிராண்டர்' என்று இதே பொருளில் உண்டு. புத்தம்புதியது என்பதற்கு ஆங்கிலத்தில் சொல்லும் பிராண்ட்-நியூ கூட உலையிலிருந்து அப்போதுதான் எடுத்தது என்ற பொருளில் பிறந்ததுதான். பிராந்தியும் தூரத்து உறவு: டச்சுக்காரர்கள் திராட்சை மதுவைக் காய்ச்சி வடித்து 'பிராண்டவைன்', அதாவது எரித்த மது என்றார்கள், அது தேய்ந்து பிராந்தி ஆனது.

கொள்ளியிலிருந்து சூட்டுக்கோலுக்கும், சூட்டுக்கோலிலிருந்து மாட்டின் தொடையில் விழுந்த தழும்புக்கும் இந்தச் சொல் நகர்ந்தது. டெக்சஸில் சாமுவேல் மேவரிக் என்ற நிலக்காரர் தன் மாடுகளுக்குச் சூடு போடாமலே விட்டுவிட்டார், அதனால் குறியில்லாத மாட்டுக்கு மேவரிக் என்றே பெயர் வந்து, பிறகு யாருக்கும் கட்டுப்படாத ஆளையும் அந்தப் பெயரால் சொல்ல ஆரம்பித்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாட்டின் மேல் போட்ட சூடு, அது எத்தனை படி பால் கறக்கும் என்று சொல்லாது, மாடு யாருடையது என்று மட்டும் சொல்லும். தரம் என்ற கருத்தே அதில் இல்லை. அப்புறம் மதுப் பீப்பாய்களிலும் மரப்பெட்டிகளிலும் காய்ச்சிய இரும்பால் பெயர் சுட்டார்கள். அப்போதுதான் சொல்லுக்குள் இன்னொரு பொருள் நுழைந்தது: சரக்கு கெட்டுப்போயிருந்தால் யாரைப் போய்க் கேட்க வேண்டும் என்று வாங்குகிறவனுக்குத் தெரிந்தது. உடைமையைக் காட்டிய குறி, பொறுப்பைக் காட்டும் குறியாக மாறியது. பிராண்டுக்கும் தரத்துக்கும் உள்ள உறவு இந்தப் பொறுப்பு வழியாக வந்த உறவு, அதற்கு மேல் இல்லை. 19ஆம் நூற்றாண்டில் குறிப்பிட்ட ஒரு தயாரிப்பாளரின் சரக்கு என்ற இன்றைய பொருள் நிலைபெற்றுவிட்டது. பிரிட்டனில் 1875இல் வணிகக்குறிப் பதிவுச் சட்டம் வந்தது, 1876 ஜனவரி 1 அன்று முதல் குறியாகப் பதிவானது பாஸ் என்ற பீர் நிறுவனத்தின் சிவப்பு முக்கோணம். இந்தியாவில் வணிகக்குறிச் சட்டம் 1940இல் வந்தது, இப்போது நடப்பில் இருப்பது 1999ஆம் ஆண்டுச் சட்டம்.

தமிழில் இதற்கு அப்படியே நேராக நிற்கும் சொல் ஒன்று இருக்கிறது, பொறி. தீப்பொறியும் பொறிதான், முத்திரையும் பொறிதான், நெருப்பிலிருந்து குறிக்குப் போகும் அதே வழியில் இங்கேயும் பொருள் விரிந்திருக்கிறது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் சுங்கம் வசூலித்த பிறகு சரக்கு மூட்டைகள் மேல் சோழனின் புலிச் சின்னத்தை இட்டு வெளியே அனுப்பியதைப் பட்டினப்பாலை "புலி பொறித்துப் புறம் போக்கி" என்கிறது. அது தயாரித்தவரின் குறி இல்லை, அரசின் சுங்க முத்திரை, ஆனாலும் சரக்கின் மேல் பதித்த குறிக்கு நம்மிடம் இருக்கும் மிகப் பழைய சான்றுகளில் ஒன்று. இன்னும் நெருக்கமான சான்று திருப்பல்லாண்டில் இருக்கிறது. தீயில் காய்ச்சிய சக்கரத்தைத் தோளில் ஒற்றிக்கொள்ளும் வைணவ வழக்கத்தைப் பெரியாழ்வார் "கோயிற் பொறியாலே ஒற்றுண்டு நின்று" என்று பாடுகிறார். காய்ச்சிய உலோகம், அது பதிக்கும் குறி, அந்தக் குறியால் யாருக்கு உரியவர் என்று தெரிவது, மூன்றும் ஒரே பாசுரத்தில் வந்துவிடுகின்றன. பிராண்ட் என்ற சொல்லின் பழைய பொருள் முழுவதும் இந்த ஒரு சொல்லில் அடங்குகிறது என்பது எனக்கு இன்னமும் வியப்புதான்.

இவ்வளவு பொருத்தம் இருந்தும் இன்றைக்கு அந்தச் சொல்லைப் பயன்படுத்த வழியில்லை. எலிப்பொறி, பொறியியல், ஐம்பொறி என்று பொறி வேறு வேலைகளுக்குப் போய்விட்டது. வணிகப்பொறி என்று எழுதினால் வியாபாரிகள் வைத்த கண்ணி என்றுதான் படிப்பவர் நினைப்பார்.

பேச்சு வழக்கு தன் பாட்டுக்கு வேறு சொற்களை எடுத்துக்கொண்டது. பல காலம் இங்கே பிராண்ட் என்று யாரும் சொல்லவில்லை, மார்க் என்றுதான் சொன்னார்கள். மயில் மார்க், அணில் மார்க், ஒட்டக மார்க். எழுத்துப் படிக்கத் தெரியாதவர்களும் படத்தைக் காட்டி வாங்கலாம், சிவகாசித் தீப்பெட்டிகளின் மேல் விதவிதமாகப் படங்கள் இருந்ததற்கும் இது ஒரு காரணம். அரசு முத்திரையான அக்மார்க் (வேளாண் பொருள்களைத் தரம் பிரிக்கும் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்தது) தமிழில் ஒரு உரிச்சொல்லாகவே ஆகிவிட்டது, அக்மார்க் கிராமத்து ஆள் என்றால் கலப்படமே இல்லாதவர் என்று பொருள். கம்பெனி சாமான் என்பது இன்னொரு வழக்கு, அதற்கு எதிர்ப்பதம் லோக்கல். ஊர்ப் பெயரே பிராண்டாக நின்றதும் உண்டு, திண்டுக்கல் பூட்டு, பத்தமடைப் பாய், மணப்பாறை முறுக்கு என்று அடுக்கிக்கொண்டே போகலாம்.

சரி, பொறுப்பைக் காட்டிய குறி பகட்டைக் காட்டும் குறியாக எப்போது மாறியது? குறி எங்கே இருக்கிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். சட்டையில் தயாரித்தவர் பெயர் காலருக்குள்ளே இருக்கும், போடுகிறவருக்கு மட்டும் தெரியும். முதலை என்று பட்டப்பெயர் பெற்ற பிரெஞ்சு டென்னிஸ் வீரர் ரெனே லகோஸ்ட் 1933இல் ஆந்த்ரே ஜில்லியேவோடு சேர்ந்து சட்டை விற்கத் தொடங்கியபோது அந்த முதலையை நெஞ்சின் மேல் வெளியே தைத்தார், நிறுவனக் குறியை உடுப்பின் வெளிப்பக்கம் கொண்டுவந்த முன்னோடிகளில் அவரும் ஒருவர். லூயி வீட்டோன் என்ற பிரெஞ்சுப் பெட்டி நிறுவனத்தின் கதை இதைவிடச் சுவையானது. பெட்டி முழுக்க எழுத்தும் பூவுமாக இருக்கும் அந்தப் புகழ்பெற்ற அச்சை நிறுவனரின் மகன் ஜார்ஜ் 1896இல் கொண்டுவந்ததே போலிகளைத் தடுக்கத்தான். 'இது எங்கள் சரக்கு, இதற்கு நாங்கள் பொறுப்பு' என்று சொல்ல வந்த அடையாளம் இன்று தோளில் மாட்டியவரின் வசதியைச் சொல்கிறது. அதே காலத்தில், 1899இல், அமெரிக்கப் பொருளியலாளர் தோர்ஸ்டைன் வெப்லன் பிறர் பார்ப்பதற்காகவே செலவழிக்கும் இந்தப் பழக்கத்துக்கு ஒரு பெயர் கொடுத்தார், விலை ஏற ஏற விருப்பமும் ஏறும் பொருளை இன்றும் அவர் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

தரம் எவ்வளவு, பெயர் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கத் தோதான ஊர் திருப்பூர். ஒரு டி-ஷர்ட்டின் தரத்தைத் தொட்டு, எடை போட்டு, துவைத்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். ஜி.எஸ்.எம். எத்தனை, அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம், நூல் குட்டை இழைகளைச் சீவி எடுத்த கோம்டு நூல்தானா, துணிக்கு முன்கூட்டியே சுருக்கம் எடுத்தார்களா, தோள் தையலுக்குள் டேப் வைத்திருக்கிறார்களா, இதையெல்லாம் அங்கே பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் யாரைக் கேட்டாலும் சொல்வார். ஒரே கூரையின் கீழ் இந்த மாதம் ஒரு பிராண்டுக்கும் அடுத்த மாதம் வேறொரு பிராண்டுக்கும் தைப்பார்கள், மிஞ்சியதும் தள்ளுபடியானதும் காதர்பேட்டைக் கடைகளுக்கு வரும். இதை வைத்து "எல்லாம் ஒண்ணுதான், லேபிள்தான் வேற" என்று சொல்லிவிடுகிறார்கள், அது முழு உண்மை இல்லை. வாங்குகிற நிறுவனம் என்ன துணி, என்ன நூல், ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எழுதிக் கொடுக்கிறது, ஆள் அனுப்பி மூட்டையைப் பிரித்துப் பார்க்கிறது, குழந்தை உடுப்பு என்றால் உடைந்த ஊசி முனை உள்ளே சிக்கியிருக்கிறதா என்று கருவியில் ஓட்டிப் பார்க்கச் சொல்கிறது, உடலுக்குக் கெடுதலான சில அசோ சாயங்களை அறவே தடுக்கிறது. இதற்கெல்லாம் செலவு உண்டு, அந்தச் செலவு விலையில் வருவது நியாயம். அதற்கு மேல் கடையின் வாடகை, விளம்பரம், நட்சத்திரம் வாங்கும் சம்பளம், பெயரின் லாபம் என்று விலை ஏறிக்கொண்டே போகிறதே, அந்தப் பகுதிக்குத் துணியில் எதுவும் கூடுவதில்லை.

ஆகவே நான் வைத்திருக்கும் அளவுகோல் இது. என்னால் சோதிக்க முடியாத இடத்தில் எனக்குப் பதிலாக யாரோ சோதித்திருக்கிறார்கள் என்பதற்குக் கொடுக்கும் காசு தரத்துக்குக் கொடுக்கும் காசு. ஹெல்மெட், குக்கர், கேஸ் டியூப், வீட்டுக்குள் ஓடும் மின்கம்பி இதிலெல்லாம் காசுக்குக் கணக்குப் பார்க்கவே கூடாது. தங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஹால்மார்க் 2021 ஜூனிலிருந்து படிப்படியாகக் கட்டாயமானது, ஹால்மார்க் போட்ட ஒவ்வொரு நகையிலும் எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க அடையாளம் இருக்கிறது, 916 என்றால் சின்னக் கடையிலும் பெரிய கடையிலும் ஒரே 22 காரட். பெரிய பெயருள்ள கடையில் கூடுதலாகக் கொடுக்கும் செய்கூலியும் சேதாரமும் வேலைப்பாட்டுக்கும் கடையின் பெயருக்கும் போகிறது, தங்கத்தின் சுத்தத்துக்குப் போவதில்லை.

மருந்தில் இது இன்னும் தெளிவு. ஒரே பாராசிட்டமால் மூலப்பெயரில் (ஜெனரிக்) மக்கள் மருந்தகத்தில் ஒரு விலை, பிராண்ட் பெயரில் வேறு விலை. அமெரிக்காவில் 2015இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தலைவலி மாத்திரை வாங்கும்போது மருந்தாளுநர்கள் மற்றவர்களைவிட அதிகமாகக் கடையின் சொந்த மலிவு மாத்திரையையே எடுக்கிறார்கள் என்றும், சமையல் கலைஞர்கள் உப்பு சர்க்கரையில் அப்படியே செய்கிறார்கள் என்றும் காட்டியது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் பெயருக்குக் கூடுதலாகக் கொடுப்பது குறைவு.

பகட்டு என்ற பக்கத்தில் நம்மிடம் சொற்களுக்குப் பஞ்சமே இல்லை: பகட்டு, பவுசு, டம்பம், ஜம்பம், படாடோபம், பந்தா. ஆடம்பரம் என்பது சமஸ்கிருதத்தில் முதலில் ஒரு வகை முரசின் பெயர், அப்புறம் அதன் பேரொலி, அதற்கும் அப்புறம்தான் ஆரவாரமான செல்வக் காட்சி. ஊர் கேட்க வேண்டும் என்பது அந்தச் சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. ஆங்கிலத்தின் லக்சுரி இன்னும் மோசமான இடத்திலிருந்து வந்தது, லத்தீனில் அது மிதமிஞ்சியது, பழைய ஆங்கில வழக்கில் காமத்தையே குறித்தது, வசதி என்ற நல்ல பொருள் பிறகு சேர்ந்தது.

இந்தச் சொற்களை அடுத்தவர் மேல் வீசும் முன் ஒன்றை நினைத்துப் பார்க்க வேண்டும், இதைச் சொல்லாமல் இந்த விளக்கத்தை முடிக்க எனக்கு மனமில்லை. யார் என்ன உடுத்தலாம் என்று மேலிருந்து சட்டம் போட்ட மண் இது. தென் திருவிதாங்கூரில் பெண்கள் தோள்சீலை அணியும் உரிமைக்குப் பல ஆண்டுகள் போராடி 1859இல்தான் அரசாணை பெற்றார்கள். 1930இல் ராமநாதபுரம் வட்டாரத்தில் ஒடுக்கப்பட்ட மக்கள் தங்கம் வெள்ளி நகை போடக் கூடாது, ஆண்கள் முழங்காலுக்குக் கீழே உடுத்தக் கூடாது என்று ஆதிக்கச் சாதியினர் தடை போட்டார்கள். அப்படித் தடுக்கப்பட்ட குடும்பத்தின் பேரன் முதல் சம்பளத்தில் பெயர் தெரிந்த சட்டை ஒன்றை வாங்கிப் போட்டால் அதைப் பகட்டு என்பது எனக்கு உடன்பாடில்லை. அவன் காட்டிக்கொள்கிறான், உண்மைதான், காட்டிக்கொள்ள அவனுக்குக் காரணமும் உரிமையும் இருக்கிறது. எனக்கு உறுத்துவது வேறு: வெறும் பெயருக்குக் கொடுத்துவிட்டு அதைத் தரம் என்று சாதிப்பதும், மலிவாக வாங்கியவரைத் தரம் தெரியாதவர் என்று பேசுவதும்.

இனி தமிழ் நிகர்ச்சொல். சட்டப்படி பதிவு செய்த அடையாளத்துக்கு வணிகக்குறி சரியான சொல், வழக்கிலும் இருக்கிறது. குறி நல்ல தமிழ், சலவைத் தொழிலாளர்கள் எந்த வீட்டுத் துணி என்று தெரிய ஓரத்தில் இட்டதும் குறிதான். பெயரைச் சொல்ல வணிகப்பெயர். இலங்கைத் தமிழில் பிராண்டுக்கு வர்த்தகநாமம் என்று பரவலாக எழுதுகிறார்கள், புரியும், கொஞ்சம் கனமாக இருக்கிறது. லோகோவுக்கு இலச்சினை. ஐ.எஸ்.ஐ., ஹால்மார்க் போன்ற தரச் சான்றுகளுக்கு முத்திரை என்ற சொல்லையே வைத்துக்கொள்ளலாம், அது ஏற்கெனவே மக்கள் வாயில் இருக்கிறது. முத்திரையையும் வணிகக்குறியையும் கலந்து எழுதக் கூடாது என்பது மட்டும் என் வேண்டுகோள், ஏனென்றால் முத்திரை இன்னொருவர் சோதித்துப் பார்த்து இட்டது, வணிகக்குறி விற்பவரே தனக்கு இட்டுக்கொண்டது. பிராண்டட் சட்டை என்பதற்கு ஒரே சொல்லில் தமிழ் இல்லை, பெயர்பெற்ற நிறுவனத்தின் சட்டை என்று நீட்டித்தான் சொல்ல வேண்டும், பேச்சில் பிராண்டட் என்றே இருந்துவிட்டுப் போகட்டும். தரத்தைச் சொல்ல மளிகைக் கடைகளில் நயம் என்ற சொல் உண்டு, நயம் துவரம்பருப்பு, முதல் நயம், இரண்டாம் நயம். அது விற்றவர் பெயரைச் சொல்வதில்லை, பருப்பைச் சொல்கிறது.