மராமத்து நடக்கும்போதுதான் பழைய கட்டடத்துக்கு ஆபத்து அதிகம்

தீப் பாதுகாப்பு ஆய்வுக்காகப் பழைய கட்டடங்களுக்குப் போனால், "இப்போது எங்கேயாவது மராமத்து நடக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்பேன். ஏன் என்பவர்களுக்கு டென்மார்க்கின் ஃபிரெடெரிக்ஸ்போர்க் அரண்மனையில் நடந்ததைச் சொல்வேன்.

கோபன்ஹேகனுக்கு வடக்கே ஹில்லெரோட் என்ற ஊரில், ஏரிக்குள் மூன்று சிறு தீவுகளில் நிற்கிறது அந்த அரண்மனை. 17-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டியவர் மன்னர் நான்காம் கிறிஸ்டியான். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டியதும் இவர் காலத்தில்தான்.

1859 டிசம்பர் 16. கடும் குளிர். அங்கே தங்கியிருந்த மன்னர் ஏழாம் ஃபிரெடெரிக், தன் தொல்பொருள் சேகரிப்பு இருந்த மேல்தள அறையில் கணப்பு மூட்டச் சொன்னார். அந்தப் புகைபோக்கியிலோ பழுது வேலை முடியவில்லை. அன்றிரவே தீ பிடித்து மளமளவென்று பரவியது. சுற்றிலும் ஏரி இருந்தும் அது உறைந்து கிடந்ததால் அணைக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அரண்மனையின் பெரும்பகுதி போய்விட்டது.

பலர் உறைந்த ஏரியைத்தான் பேசுவார்கள். என்னை உறுத்துவது அந்தக் கணப்பு. புகைபோக்கியில் வேலை நடக்கிறது என்ற விஷயம், நெருப்பு மூட்டிய கையைத் தடுக்கவில்லையே!

மக்கள் நன்கொடை, மன்னர், அரசு, கார்ல்ஸ்பெர்க் மதுபான ஆலையின் யாகோப்சன் என்று பலர் பணம் கொடுக்க, பழைய வரைபடங்களையும் ஓவியங்களையும் வைத்துத் திரும்பக் கட்டினார்கள். 1878-ல் அங்கே தேசிய வரலாற்று அருங்காட்சியகம் நிறுவப்பட்டது. 1882-ல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். போகிறவர்கள் தேவாலயத்தை அவசியம் பாருங்கள். தீயில் பெரிதும் தப்பிய பகுதி அதுதான். 1671 முதல் 1840 வரை டேனிஷ் மன்னர்களுக்கு அபிஷேகம் நடந்த இடம் அது. 1610-ல் செய்த ஆர்கன் ஒன்று இன்றும் அங்கே ஒலிக்கிறது.

இது பழங்கதை என்று தள்ள முடியாது. அதே கிறிஸ்டியான் கோபன்ஹேகனில் கட்டிய பழைய பங்குச் சந்தைக் கட்டடம், 2024 ஏப்ரல் 16 அன்று, சாரம் கட்டிப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது எரிந்தது. நான்கு டிராகன்களின் வால்கள் முறுக்கி நின்ற கோபுரம் சரிந்து விழுந்தது.

ஆய்வுக்குப் போகிற இடங்களில் நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இது: கூரையில் வெல்டிங் நடக்கும், கீழே அலுவலகத்துக்குத் தெரியாது. தூசிக்கு அடிக்கிறது என்று அலாரத்தை அணைத்து வைத்திருப்பார்கள். சாயங்காலம் எல்லோரும் கிளம்பியபின் மரத்துக்குள் பொறி கனன்றுகொண்டிருக்கும். நெருப்பு வேலை முடிந்து குறைந்தது ஒரு மணி நேரமாவது ஒருவர் அங்கேயே காவல் நிற்க வேண்டும். கூரையின் உட்புறத்தையும் அவர் ஏறிப் பார்க்க வேண்டும். அப்புறம், அணைத்த அலாரத்தை மறுபடி போடும் பொறுப்பை ஒரே ஒருவருக்குக் கொடுத்து, அவர் பெயரை எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.