குதிரை வெறும் வாயை மெல்வது ஏன்?

குதிரை மேல் ஏறுவதற்கு முன், தரையில் நின்று கயிற்றைப் பிடித்தபடி அதற்கு நடக்கவும் நிற்கவும் திரும்பவும் பழக்குவார்கள். நடுவில் குதிரை திடீரென்று உதட்டை நக்கும், வெறும் வாயை மெல்லும். உடனே பழக்குகிறவருக்கு ஒரே மகிழ்ச்சி: "பாடம் புரிந்துவிட்டது, பணிந்துவிட்டது!" காலங்காலமாகச் சொல்லிவரும் விளக்கம்தான். ஆனால் அவசரப்பட்டு நம்ப வேண்டாம்.

பயந்தால் குதிரையின் பரிவு நரம்பு மண்டலம் முடுக்கிவிடப்படும். இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் ஓடத் தயாராகும், வாய் உலரும். பயம் விலகியதும் உடலை அமைதிப்படுத்தும் துணைப்பரிவு நரம்பு மண்டலம் பொறுப்பை ஏற்க, உமிழ்நீர் மறுபடி ஊறும். நக்குவதும் மெல்வதும் இந்த மாற்றத்தின் விளைவாக இருக்கலாம் என்கிறார்கள். ஈக்வடாரில் கட்டற்றுத் திரியும் குதிரைகளைக் கவனித்து 2018-இல் வெளியான ஆய்வும் இதற்கு இடம் தருகிறது. இறுக்கமான நடத்தை முடிந்து தளர்வான நடத்தை தொடங்கும் இடைவெளியில்தான் இந்த மெல்லுதல் அதிகம் தென்பட்டது. அப்படியானால், மெல்லும் குதிரை சற்று முன்புவரை பதற்றத்தில் இருந்திருக்கிறது. பயிற்சி முழுக்க அடிக்கடி மென்றுகொண்டே இருந்தால், அது அடிக்கடி பதறுகிறது என்று பொருள். அப்போது பாராட்ட வேண்டியது குதிரையை மட்டும்தான், பழக்குகிறவரை அல்ல.

ஆகவே தனியாக ஓர் அசைவை வைத்துத் தீர்ப்பு சொல்லக் கூடாது. தலை உயர்ந்திருக்கிறதா? பதற்றமாக இருக்கலாம், ஆனால் தூரத்தில் எதையோ பார்க்கவும் குதிரை தலையைத் தூக்கும். காது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு காதுகளும் தனித்தனியே சுழலும் என்பதால் கவனம் எங்கே என்பதை அவை காட்டிக்கொடுத்துவிடும். உங்களைச் சுற்றி வட்டத்தில் ஓடும் குதிரையின் உள்பக்கக் காது உங்கள் பக்கம் சாய்ந்திருந்தால், உங்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று பொருள். இரண்டும் பிடரியோடு ஒட்டிப் பின்னால் படிந்தால் எச்சரிக்கை. ஓர் அடி விலகுவது நல்லது.

முகத்தையும் விட்டுவிடாதீர்கள். 2015-இல் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் குதிரை முகத்தில் 17 தனித்தனி தசையசைவுகளைப் பட்டியலிட்டார்கள். கண்ணுக்கு மேல் சுருக்கம், விரிந்த நாசி, கெட்டித்துப்போன தாடை மூன்றும் சேர்ந்து வந்தால் குதிரைக்கு ஏதோ சரியில்லை.

ஏமாற்றுவது அசையாமல் நிற்கும் குதிரைதான். பின்னங்கால் ஒன்றை மடக்கி, கீழுதடு தொங்க, கழுத்தைத் தாழ்த்தி நின்றால் ஓய்வு. நான்கு காலையும் ஊன்றி, வாலை இடுக்கி, கண் சிமிட்டாமல் நின்றால் அது உறைந்துபோன நிலை. அடுத்த நொடி பாய்ந்துவிடலாம். இந்த நேரத்தில் இன்னும் இழுக்காமல் கயிற்றைத் தளர்த்த வேண்டும். எந்த நொடியில் அழுத்தம் நீங்குகிறதோ, அந்த நொடியில் செய்ததைத்தான் குதிரை பாடமாக எடுத்துக்கொள்ளும். தாமதமாகத் தளர்த்தினால் வேறெதையோ கற்றுக்கொடுத்திருப்பீர்கள்.

சரி, நாம் அதைப் படிக்கும்போது அதுவும் நம்மைப் படிக்கிறது. பெர்லினில் ஹான்ஸ் என்ற குதிரை கணக்குக்கு விடையாகக் குளம்பைத் தட்டிப் புகழ்பெற்றிருந்தது. சரியான எண்ணிக்கை வந்ததும் கேள்வி கேட்டவரின் தலை தன்னையறியாமல் லேசாக நிமிர்கிறது, அதைப் பார்த்துத்தான் ஹான்ஸ் நிறுத்துகிறது என்று 1907-இல் உளவியலாளர் ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் கண்டுபிடித்தார். ரகசியம் தெரிந்த பிறகும் அவரால்கூட அந்த அசைவை முழுவதுமாக அடக்க முடியவில்லை.