பரணில் கிடைத்த பழைய தோட்டா: அடியில் இருக்கும் எழுத்தும் ஆயுதச் சட்டமும்

தாத்தாவின் டிரங்குப் பெட்டியைக் கிளறும்போதோ பரணை ஒழிக்கும்போதோ நாலைந்து பித்தளைத் தோட்டாக்கள் உருண்டு வருவது நடக்கிற கதைதான். குடும்பத்தில் யாரோ ஒருவர் ராணுவத்தில் இருந்திருப்பார், எஸ்டேட்டில் வேலை பார்த்திருப்பார், அல்லது 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வருமுன் வேட்டைக்குப் போனவராக இருப்பார். துப்பாக்கி எப்போதோ கைமாறியிருக்கும், தோட்டா மட்டும் தங்கிவிடும். "இவ்வளவு பழசு, இனி வெடிக்கவா போகிறது" என்று அதை ஷோகேஸில் வைப்பவர்களும் உண்டு. சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை.

1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், 3-வது பிரிவு: துப்பாக்கிக்கு மட்டுமல்ல, தோட்டாவுக்கும் உரிமம் வேண்டும். எண்ணிக்கையில் விலக்கு கிடையாது. ஒன்று என்றாலும் தோட்டா தோட்டாதான். உரிமம் இல்லாமல் வைத்திருந்தால், 2019-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, 2 ஆண்டுக்குக் குறையாமல் 5 ஆண்டு வரை சிறை, கூடவே அபராதம்.

பலர் இங்கே ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்கிறார்கள். பழம்பொருளாகிவிட்ட, பழுது பார்த்தாலும் சுட முடியாத ஆயுதத்துக்கு 45-வது பிரிவு விலக்கு தருகிறது. அது ஆயுதத்துக்கு. எண்பது வருடத் தோட்டாவுக்கு அந்த வரியை இழுத்துப் போர்த்த முடியாது. வெடிமருந்து கெட்டுப்போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம்; பார்த்துச் சொல்ல வழியில்லை.

சரி, கையில் இருப்பது என்ன ரகம்? தோட்டாவைத் திருப்பி அடிப்பாகத்தைப் பாருங்கள். நடுவில் கேப் என்கிற சின்ன வட்டம், அதைச் சுற்றி அச்சடித்த எழுத்துகள். ஆலையின் அடையாளம், ஆண்டு, ரகம் ஆகியவை அங்கேதான் இருக்கும். 'கே.எஃப்' என்றால் புணே அருகில் உள்ள கிர்கி தோட்டா ஆலை. 1869-ல் தொடங்கியது, இந்தியாவில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். 'ஓ.எஃப்.வி' என்றால் மகாராஷ்டிரத்தின் வரங்காவ் ஆலை. தனியாக ஒரு 'கே' இருந்தால் பிரிட்டனின் கைனாக் கம்பெனி, 'டி.ஏ.சி' என்றால் கனடா. பக்கத்தில் '43' என்று இரண்டு இலக்கம் இருந்தால் 1943. ரோமன் எண்ணில் ஏழோ, '7' என்றோ இருந்தால் .303 என்கிற ராணுவ ரைபிள் தோட்டாவின் ஏழாம் மார்க், அதாவது ஏழாவது வடிவம். '7இசட்' என்றால் அதே தோட்டா, உள்ளே மட்டும் கார்டைட் என்கிற பழைய வெடிமருந்துக்குப் பதில் நைட்ரோசெல்லுலோஸ் மருந்து.

கேப்பைச் சுற்றி மெல்லிய வண்ண வளையம் தெரிந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். .303-இல் ஊதா என்றால் சாதாரணத் தோட்டா. சிவப்பு, போகும் பாதையில் ஒளி விடுவது. பச்சை, கவசம் துளைப்பது. நீலம், தீ மூட்டுவது. பச்சையோ நீலமோ என்றால் கையில் எடுத்துப் பார்ப்பதை அத்தோடு நிறுத்திவிடுங்கள். புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்க நினைப்பவர்கள் முதலில் அழிப்பது இந்த வளையத்தைத்தான்.

அடுத்து பெயர்க் குழப்பம். இதில்தான் சாதாரண ஆள் மாட்டிக்கொள்கிறார். ஒரே தோட்டாவுக்கு ஊருக்கு ஒரு பெயர். .303-ஐ 7.7×56 ஆர் என்றும் எழுதுவார்கள்: முதல் எண் குண்டின் குறுக்களவு, அடுத்தது உறையின் நீளம், இரண்டும் மி.மீ.-இல்; 'ஆர்' என்றால் அடியில் விளிம்பு உள்ளது. .308 வின்செஸ்டரும் நேட்டோவின் 7.62×51-உம் கிட்டத்தட்ட இரட்டைப் பிள்ளைகள். .30-06 என்பது 7.62×63. .32 பிஸ்டல் தோட்டாவின் இன்னொரு பெயர் 7.65 மி.மீ. எல்லாவற்றையும் விட நம் நாட்டில் அதிகம் குழப்புவது .315. உரிமத்தில் '.315 ரைபிள்' என்று இருக்கும். தோட்டாவின் அடியிலோ '8 எம்.எம். கே.எஃப்' என்று இருக்கும். பார்த்தவர் வேறு தோட்டா என்று பதறுவார். இரண்டும் ஒன்றேதான், ஆஸ்திரியாவின் 8×50 ஆர் மான்லிக்கர் தோட்டாவின் இந்திய அவதாரம். ராணுவத் தோட்டாவான .303 பொதுமக்களுக்குக் கிடைக்கக் கூடாது என்பதால், அது பொருந்தாத ஒரு ரகமாக இதை வைத்தார்கள். வேட்டைக்காரர்களின் பெரிய தோட்டாக்களிலும் இதே கதை உண்டு. 1907-ல் பிரிட்டிஷ் அரசு இந்தியாவுக்குள் .450 ரகத்தைத் தடை செய்தது, இங்கிலாந்துக் கம்பெனிகள் .465, .470 என்று புது அளவுகளைக் கொண்டுவந்து அதைச் சமாளித்தன.

பெயரில் ஏன் இவ்வளவு கவனம்? ஆயுத விதிகள் 2016-இன் முதல் அட்டவணையில் .303, 7.62 மி.மீ. ராணுவத் தோட்டாவைச் சுடக்கூடிய ரைபிள்கள் தனி வகையில் வருகின்றன; .380, .455, ராணுவ 9 மி.மீ. தோட்டா போடும் கைத்துப்பாக்கிகளும் அதே வகை. இவற்றுக்கான தோட்டாக்களும் அப்படியே. பேச்சு வழக்கில் 'தடை செய்யப்பட்ட போர்' (bore, அதாவது குழலின் அளவு). இதற்கு மாவட்ட அளவில் உரிமம் கிடைக்காது, மத்திய உள்துறை அமைச்சகம்தான் தர வேண்டும். .410-இல் இன்னும் நுணுக்கம். .410 மஸ்கெட் தோட்டா இந்த வகையில் வருகிறது. அது முனைப் பக்கம் கழுத்துபோலக் குறுக்காத .303 உறை. அதே எண் கொண்ட .410 ஷாட்கன் தோட்டா வேறு.

நீளமான, அடியில் விளிம்பு உள்ள எந்தத் தோட்டாவைப் பார்த்தாலும் '.303' என்று எழுதிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஒரு ஸ்கேல் போதும்: உலோக உறை மட்டும் .303-இல் 56 மி.மீ., .315-இல் 50. அந்த 6 மி.மீ. வித்தியாசத்தில் வகையே மாறிவிடுகிறது. அதனால் தோட்டாவைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்போது கொடுக்கும் கடிதத்தில் நீங்களாக ரகம் எழுத வேண்டாம். அடியில் என்ன எழுதியிருக்கிறதோ அதை எழுத்துக்கு எழுத்து எழுதுங்கள், போட்டோவும் எடுத்து வையுங்கள். ரகத்தைத் தீர்மானிப்பது போலீஸார் வேலை.

ஒப்படைப்பு பற்றிச் சொல்வது 21-வது பிரிவு. உரிமம் காலாவதியானதாலோ வேறு எந்தக் காரணத்தாலோ ஒரு ஆயுதத்தையோ தோட்டாவையோ வைத்திருப்பது சட்டப்படி செல்லாமல் போனால், தாமதிக்காமல் பக்கத்துக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வியாபாரியிடமோ ஒப்படைக்க வேண்டும். உரிமதாரர் இறந்துவிட்ட வீடுகளுக்கு இது நேராகப் பொருந்தும். இறப்புச் சான்றிதழ், பழைய உரிமப் புத்தகம், வாரிசு விவரம் எடுத்துக்கொள்ளுங்கள். தோட்டாவைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏற வேண்டாம். ஸ்டேஷனுக்கு முதலில் போன் செய்து, வந்து எடுத்துக்கொள்ளச் சொல்வது நல்லது. எண்ணிக்கையும் அடி எழுத்தும் போட்ட ஒப்புகைச் சீட்டு இல்லாமல் விடாதீர்கள். பழைய இரும்புக் கடைக்குப் போடுவதும் அடுப்பில் போடுவதும் கிணற்றில் வீசுவதும் வழியே இல்லை.

உரிமமே எப்போதும் இருந்ததில்லை என்றால்? அப்போதும் ஒப்படைக்கத்தான் வேண்டும், ஆனால் முதலில் ஒரு வக்கீலைப் பார்த்து அவர் மூலமாகச் செய்யுங்கள். தெரிந்தே வைத்திருப்பதுதான் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 1972-லும், சஞ்சய் தத் வழக்கில் 1994-லும் சொல்லியிருக்கிறது. பரணில் இருந்தது தெரியாது என்பது நியாயமான வாதம். பார்த்த பிறகு ஆறு மாதம் அலமாரியில் வைத்துவிட்டு அதையே சொன்னால் எடுபடாது.

காலி உறையைச் சாவிக்கொத்தில் மாட்டியிருப்பவர்களுக்கு, பயன்படுத்தும் நோக்கமில்லாத சிறு உதிரிப் பாகம் என்று 45-வது பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. விமான நிலைய ஸ்கேனருக்கு அந்தப் பிரிவு தெரியாது. விமானத்தைத் தவறவிட்டபின் நியாயம் கிடைத்து என்ன பயன். வீட்டில் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள்.

ஒப்படைத்தால் எல்லாம் போய்விட்டது என்றும் இல்லை. விதியில் சொன்ன கெடுவுக்குள் உங்களுக்கே உரிமம் கிடைத்தால் திரும்பப் பெறலாம். உரிமம் உள்ள வேறொருவருக்கு விற்கச் சொல்லி அந்தப் பணத்தையும் வாங்கலாம். இறந்தவரின் சட்டப்படியான வாரிசுக்கும் இந்த உரிமை உண்டு. துப்பாக்கியும் சேர்ந்து கிடைத்திருந்தால், 2016 விதிகளின் 25-வது விதிப்படி வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். கெடு தாண்டினால் மாவட்ட மாஜிஸ்திரேட் உத்தரவின் பேரில் அரசுடைமையாகிவிடும். அதனால் ஒப்புகைச் சீட்டு வாங்கும் அன்றே கடைசித் தேதியையும் கேட்டு அதன் பின்பக்கத்தில் குறித்து வையுங்கள்.