ஆடிட்டர் கையெழுத்து, பங்கு வாங்கச் சொல்லும் சிபாரிசு அல்ல

"ஆடிட் பண்ணின கணக்கு சார், அப்புறம் என்ன பயம்?" மதுரையில் ஆடிட்டராக உட்கார்ந்திருக்கும் எனக்கு இந்தக் கேள்வி அலுத்துவிட்டது. கடைசியாகக் கேட்டவர் திருநகரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர். வரி ரிட்டர்னுக்காக வந்தவர், பேச்சுவாக்கில் கைபேசியை நீட்டினார். ஒரு சிறு கம்பெனியின் நிகர லாபம் இரண்டு மடங்கு என்று டெலிகிராம் குழுவில் வந்த படம். கிராஜுவிட்டி பணத்தில் பெரும்பகுதியை அதில் போட்டு முடித்திருந்தார். "ஆண்டறிக்கையைப் பார்த்தீர்களா ஐயா?" என்றேன். "அதைத்தான் உங்களை மாதிரி ஒருத்தர் பார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்காரே" என்றார்.

கணக்கைத் தயாரிப்பது கம்பெனி. அதற்குப் பொறுப்பு இயக்குநர்கள். ஆடிட்டர் ஒவ்வொரு பில்லையும் புரட்டுவதில்லை, மாதிரிகளை எடுத்துச் சோதிக்கிறார். பெரிய பிழை இல்லாமல், உள்ள நிலையைக் கணக்கு நியாயமாகக் காட்டுகிறதா என்று கருத்துச் சொல்கிறார். அவ்வளவுதான். நஷ்டத்தை நஷ்டம் என்றே ஒழுங்காக எழுதி வைத்த கம்பெனிக்கும் சுத்தமான அறிக்கை கிடைக்கும். தொழில் உருப்படுமா, பங்கு இந்த விலைக்குத் தகுமா என்பதெல்லாம் எங்கள் வேலையே இல்லை. இன்னொன்று, எங்களுக்குச் சம்பளம் தருவது அந்தக் கம்பெனிதான். இதை நாங்கள் மேடையில் சொல்வதில்லை.

ஐதராபாத் சாஃப்ட்வேர் கம்பெனி சத்யத்தின் கதை மறந்துவிட்டதா? வங்கியில் இருப்பதாகக் காட்டிய 5,361 கோடி ரூபாயில் 5,040 கோடி கிடையவே கிடையாது என்று 2009 ஜனவரி 7 அன்று அதன் தலைவரே கடிதம் எழுதினார். அதுவும் வருஷா வருஷம் ஆடிட் ஆன கம்பெனிதான். காலாண்டு முடிவுகளோ இன்னும் மேலோட்டம். பெரும்பாலும் அவற்றுக்கு முழுத் தணிக்கை இல்லை, வரையறுக்கப்பட்ட ஒரு பரிசீலனை மட்டுமே.

ஆசிரியர் பங்கு வாங்கிய கம்பெனியில் ஆடிட்டர் எதையும் மறைக்கவில்லை என்பதுதான் எனக்கு ஆத்திரம். துணை நிறுவனத்துக்குக் கொடுத்த கடன் திரும்பி வரும் என்பதற்குப் போதிய ஆதாரம் கிடைக்கவில்லை என்று குறையை எழுதிவைத்துத்தான் கையெழுத்திட்டிருந்தார். கையெழுத்தை நம்பியவர், அதற்கு மேலே இருந்த பத்தியைப் படிக்கவில்லை.

ஆண்டறிக்கை பிஎஸ்இ, என்எஸ்இ ஆகிய பங்குச் சந்தைகளின் இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. வழவழ காகிதத்தில் தலைவர் சிரிக்கும் பக்கங்களைத் தள்ளிவிட்டு, நேராக ஆடிட்டர் அறிக்கைக்குப் போங்கள். கருத்துக்கு அடிப்படை என்ன என்று ஒரு பகுதி இருக்கும். அதில் குறை ஏதாவது எழுதியிருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

அடுத்தது கேஷ் ஃப்ளோ, அதாவது ரொக்கம் உள்ளே வந்து வெளியே போன கணக்கு. கீழமாசி வீதி மொத்த வியாபாரிக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டாம். கடனுக்குச் சரக்கை அனுப்பினால் ஏட்டில் லாபம் வந்துவிடும், ஆனால் பாக்கி வசூலாகும்வரை கல்லாவில் காசு இருக்காது. கம்பெனியும் அப்படித்தான். ஐந்து வருட நிகர லாபத்தைக் கூட்டுங்கள். அதே ஐந்து வருடத்தில் தொழில் நடவடிக்கையிலிருந்து வந்த ரொக்கத்தையும் கூட்டுங்கள். லாபம் மலையாகவும் ரொக்கம் மடுவாகவும் இருந்தால், வரவேண்டிய பாக்கியைப் பாருங்கள், சரக்கு இருப்பைப் பாருங்கள். விற்பனையைவிட வேகமாகப் பாக்கி வளர்ந்தால் ஏதோ சரியில்லை. 2021-22 முதல் எந்தப் பாக்கி எத்தனை நாள் பழசு என்ற அட்டவணையும் குறிப்புகளில் இருக்கிறது. மூன்று வருடத்துக்கு மேற்பட்ட பாக்கியை வசூலாகும் என்று காட்டுகிறவர்களை நான் நம்பமாட்டேன். இந்தக் கணக்கை வங்கிக்கும் கடன் தரும் நிறுவனத்துக்கும் போட்டுப் பார்க்காதீர்கள். அவர்கள் கொடுக்கும் கடனே தொழில் நடவடிக்கையில் வெளியே போன ரொக்கமாகக் கணக்கில் வரும், வளரும் வங்கிகூட மோசமாகத் தெரியும்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். லாபம் திடீரென்று ஏறினால், நிலம் விற்ற பணமா, தொழிலில் வந்த பணமா என்று பாருங்கள். தனிக் கணக்கோடு நிற்காமல் துணை நிறுவனங்களைச் சேர்த்த ஒருங்கிணைந்த கணக்கைப் படியுங்கள். முதலாளியின் சொந்தக்காரர் கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல், வழக்கில் தோற்றால் கட்ட வேண்டிய தொகை, இரண்டும் கடைசிக் குறிப்புகளில் ஒளிந்திருக்கும். நிறுவனர்கள் தங்கள் பங்குகளை அடகு வைத்திருக்கிறார்களா என்பது காலாண்டுக்கு ஒருமுறை வெளியாகும் பங்குதாரர் பட்டியலில் தெரியும். பாதி வருடத்தில் ஆடிட்டர் "சொந்தக் காரணம்" என்று விலகியிருந்தால், தயவுசெய்து நீங்களும் விலகிவிடுங்கள்.

ஆங்கிலம் தடுக்கிறதென்றால் காலேஜ் படிக்கும் பேத்தியைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். பென்ஷன் பணத்தை இரண்டு நிமிஷத்தில் போடுகிறவர்கள், இரண்டு சாயங்காலம் படிக்க நேரமில்லை என்பதை என்னால் ஏற்க முடியாது. படித்தும் ஒரு குறிப்பு புரியவில்லையா? வாங்குவதற்கு முன்னால் அந்தப் பக்கத்தைப் பிரிண்ட் எடுத்துக்கொண்டு வாருங்கள், விளக்குகிறேன். எந்தப் பங்கு வாங்கலாம் என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்குப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியில் பதிவு செய்த ஆலோசகர்கள் இருக்கிறார்கள். செப்டம்பர் மாதமும் வேண்டாம், வரித் தணிக்கைக் கெடுவில் எங்களுக்குச் சாப்பிடவே நேரமிருக்காது.