நரம்புச் சுற்றுகளைப் படம்பிடிக்கும் பொது நுண்ணோக்கிகள்: மாதிரி தயாரிக்கும் முன்பே பேசுங்கள்

நரம்புச் சுற்றுகளை, அதாவது ஒன்றோடொன்று இணைந்து இயங்கும் நரம்பணுக்களை, ஆராய உதவும் இரு-ஃபோட்டான் நுண்ணோக்கிகளையும், மெல்லிய ஒளித்தளத்தால் மாதிரியை அடுக்கடுக்காக ஒளியூட்டும் ஒளித்தகடு நுண்ணோக்கிகளையும் ஓர் ஆய்வுக்குழு தனியே வாங்கிப் பராமரிப்பது அரிது என்பதால், பல குழுக்கள் பகிர்ந்துகொள்ளும் படமாக்கல் மையங்கள் உருவாகியுள்ளன. அமெரிக்காவின் ஜனீலியா ஆய்வு வளாகத்தில் உள்ள மையம், சந்தைக்கே வராத நுண்ணோக்கிகளைக்கூட வெளி ஆய்வாளர்களுக்குக் கட்டணமின்றித் தருகிறது. இத்தகைய பொது மையம் ஒன்றில் பணியாற்றும் எனக்கு நெடுநாளாக உள்ள கவலை, ஆய்வாளர்கள் பலர் மாதிரியைத் தயாரித்து முடித்த பிறகே எங்களிடம் வருகிறார்கள் என்பதுதான். படத்தின் தரத்தில் பெரும்பகுதி அதற்குள் தீர்மானமாகிவிடுகிறது.

எல்லாவற்றையும் காட்டும் ஒரே கருவி கிடையாது. இரு நரம்பணுக்கள் சந்திக்கும் இணைப்பான சினாப்ஸின் இடைவெளி ஏறத்தாழ 20 நானோமீட்டர். சாதாரண ஒளி நுண்ணோக்கியோ சுமார் 200 நானோமீட்டருக்குக் குறைந்ததைப் பிரித்துக் காட்டாது. 1990-இல் டென்க், ஸ்ட்ரிக்லர், வெப் ஆகியோர் அறிமுகப்படுத்திய, இரு ஒளித்துகள்களை (ஃபோட்டான்) ஒருசேர உறிஞ்சவைத்து ஒளிரச் செய்யும் இரு-ஃபோட்டான் முறையில், உயிருள்ள மூளைக்குள் அரை மில்லிமீட்டர் ஆழத்திலும் நரம்பணுக்களின் செயல்பாட்டைக் காட்டும் கால்சியம் ஏற்ற இறக்கத்தைப் பார்க்கலாம். ஆனால் எந்த நரம்பணு எதனோடு இணைகிறது என்று சினாப்ஸ் சினாப்ஸாகத் தொடர எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். மூளையின் இணைப்புகளை வரைபடமாக்கிய, 2025-இல் முடிவுகள் வெளியான மைக்ரான்ஸ் (MICrONS) திட்டத்தில், ஒரே சுண்டெலியின் பார்வைப் புறணியை பேய்லர் மருத்துவக் கல்லூரி உயிருடன் படம்பிடிக்க, ஆலன் நிறுவனம் அதே திசுவைச் சீவி எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பதிவுசெய்ய, பிரின்ஸ்டன் பல்கலைக்கழகம் அதன் முப்பரிமாண வடிவை மீட்டெடுத்தது. ஒரு கன மில்லிமீட்டர் அளவே கொண்ட அத்திசுவில் 52 கோடிக்கும் மேற்பட்ட சினாப்ஸ்கள் இருந்தன.

முன்கூட்டியே பேச வேண்டியவற்றுள் முதலாவது, திசுவை ஒளி ஊடுருவும்படி தெளிவாக்கும் முறை. கரிமக் கரைப்பான்களைக் கொண்டு தெளிவாக்கினால், நரம்பணுக்களை அடையாளங்காட்டும் பச்சை ஒளிர்புரதம் மங்கக்கூடும். டைபென்சைல் ஈதர் போன்ற கரைப்பான்கள் லென்ஸை ஒட்டியிருக்கும் பசையையே கரைத்துவிடும். தெளிவாக்கிய திசுவின் ஒளிவிலகல் எண் (ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதன் அளவு) 1.45 அளவில் இருக்க, நீரின் எண்ணான 1.33-க்கென வடிவமைத்த, நீரில் மூழ்கும் லென்ஸைப் பயன்படுத்தினால், மேற்பரப்பு கூர்மையாகவும் ஆழம் செல்லச் செல்லக் கலங்கலாகவும் தெரியும். அதன் பின் எந்த மென்பொருளாலும் அதை முழுமையாகச் சரிசெய்ய இயலாது.

லென்ஸின் நிலையை அறிய, 0.1 மைக்ரோமீட்டர் அளவுள்ள ஒளிர்மணிகளைத் தவறாமல் படம்பிடித்துப் பார்க்கிறோம். குறுக்குவாட்டில் வட்டமாகத் தெரிய வேண்டிய மணி ஒரு பக்கமாக வால் நீட்டியிருந்தால், பெரும்பாலும் முந்தைய பயனர் துடைக்காமல் விட்ட உப்புக் கரைசல் லென்ஸின் முகப்பில் உலர்ந்து படிந்திருக்கும். அடுத்து வருபவர் அதைத் தம் நரம்பணுவின் இயல்பு என்று நம்பிவிடும் அபாயம் உண்டு. ஆகவே, வேலை முடிந்ததும் லென்ஸைத் துடைப்பதும், ஐயமிருந்தால் எங்களிடம் சொல்வதும் அவசியம்.

லேசரின் திறனும் கவனத்துக்குரியது. சமிக்ஞை மங்கலாக இருக்கிறதே என்று திறனைக் கூட்டிக்கொண்டே போனால் திசு ஓரிரு டிகிரி சூடாகும். அந்தச் சூடே நரம்பணுக்களின் செயல்பாட்டை மாற்றிவிடும். அகச்சிவப்பு லேசர் கண்ணுக்குத் தெரியாது என்பதால், ஒளிப்பாதையை மூடியிருக்கும் உறைகளை எந்த நிலையிலும் தாமாகத் திறக்கக் கூடாது.

முழு மூளையை ஒளித்தகடு நுண்ணோக்கியில் பதிவுசெய்தால் தரவு டெராபைட் அளவை எட்டும். எங்கே சேமிப்பது என்பதை முதல் நாளே முடிவுசெய்துவிடுங்கள். லென்ஸின் எண் துளை (ஒளியைத் திரட்டும் திறனின் அளவு), அலைநீளம், மாதிரியை அடையும் லேசர் திறன், நொடிக்கு எத்தனை படம் ஆகிய விவரங்களையும் படத்துடனேயே சேமித்து, கட்டுரையின் செய்முறைப் பகுதியில் வெளியிடுங்கள். அவை இல்லாத தரவை வேறொரு குழு எடுத்து ஒப்பிடவே முடியாது.